தண்ணீர் வற்றும் நேரம்: அந்தமானில் எட்டு நாள்

ஆறு நாள் என்று கிளம்பிய பயணம் எட்டு நாளாகிவிட்டது. கூடுதலாக வந்த அந்த இரண்டு நாளுக்கும் நான்தான் பொறுப்பு. திட்டம் போட்டது நான், டிக்கெட் எடுத்தது நான், எச்சரித்தவர்கள் பேச்சைக் கேட்காததும் நான். தினமும் ராத்திரி நோட்டில் கிறுக்கி வைத்ததைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி ஒவ்வொரு நாளாகப் போடுகிறேன். கோடை லீவுக்கு அந்தமான் போகலாமா என்று யோசிப்பவர்களுக்கு ஏதாவது உதவினால் சரி.

போனது நான்கு பேர். நான், கணவர், ஐந்தாம் வகுப்பு முடித்த மகள், அப்புறம் என் அப்பா. அப்பாவைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சாயங்காலம் நாலே முக்கால் என்று அவர் வாயில் வராது. பதினாறு நாற்பத்தைந்து என்பார்.

மே 10, 2025, சனி: போர்ட்பிளேர்

டிக்கெட்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று இருந்தது. 2024 செப்டம்பரில் மாற்றிய பெயர். விமான நிலைய வாசலில் டாக்ஸி ஓட்டுநரிடம் அதே பெயரை அட்சரம் பிசகாமல் சொன்னேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, "போர்ட்பிளேருன்னே சொல்லுங்கக்கா, யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க" என்றார். தாத்தா காலத்தில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பமாம். ஊரை இரண்டே தடவைதான் பார்த்திருக்கிறார், இரண்டும் கல்யாணத்துக்கு. ஆனால் பேச்சில் ராமநாதபுரம் அப்படியே இருந்தது.

தீவுகளுக்கும் இதே கதைதான். 2018 டிசம்பரில் ஹேவ்லாக்கை ஸ்வராஜ் தீவு என்றும், நீலை ஷஹீத் தீவு என்றும் மாற்றினார்கள். படகு டிக்கெட்டில் புதுப்பெயர், ஜனங்கள் வாயில் பழைய பெயர். இரண்டையும் தெரிந்து வைத்துக்கொண்டு போங்கள். படகுத்துறையில் ஒரு குடும்பம் "எங்களுக்கு ஹேவ்லாக்தான் வேணும், ஸ்வராஜ் வேண்டாம்" என்று சண்டை போட்டதை மறுநாள் என் கண்ணால் பார்த்தேன்.

மதியம் செல்லுலார் சிறை. 1896இல் கட்ட ஆரம்பித்து 1906இல் முடித்த கட்டடம். ஏழு சிறகுகளில் இன்று மிச்சம் மூன்றுதான். வெயில் திருச்சி அளவுக்கு இல்லை, ஆனால் காற்றில் அத்தனை ஈரம். பத்து நிமிடத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மேல்மாடியில் ஓர் அறைக்குள் மகள் போய் நின்று, உள்ளிருந்து கதவைப் பார்த்தாள். தாழ்ப்பாள் வெளியே கைக்கு எட்டாத தூரத்தில், சுவரில் பள்ளம் வெட்டிப் பதித்திருந்தது. எப்படி முயன்றும் அவள் கை அதைத் தொடவில்லை. வெளியே வந்தவள் ரொம்ப நேரம் பேசவே இல்லை.

அன்றைக்கே முதல் சறுக்கலும் நடந்துவிட்டது. ஆறு மணிக்குக் கார்பின்ஸ் கோவ் கடற்கரை என்று எழுதி வைத்திருந்தேன். ஆறு மணிக்குப் போய் இறங்கினால் கும்மிருட்டு. கடல் சத்தம் மட்டும் கேட்கிறது. அப்பா கைபேசி வெளிச்சத்தில் கணக்குப் போட்டார். ஒரு டிகிரிக்கு நாலு நிமிஷம், சென்னைக்கும் இதற்கும் பன்னிரண்டரை டிகிரி, ஆக 50 நிமிஷம். கடிகாரம் மட்டும் நம் ஊர்க் கடிகாரம், சூரியன் அதைப் பார்த்து ஓடாது. "ரயில்வேல யாராவது இப்படி டைம் டேபிள் போட்டிருந்தா சஸ்பெண்ட் பண்ணியிருப்பேன்" என்றார்.

அந்தமானில் மே மாதம் விடிவது ஐந்து மணிக்கு முன்பே, ஐந்தரையைத் தாண்டினால் அஸ்தமனம். லீவுதானே என்று எட்டு மணி வரை தூங்கினால் பாதி நாள் போய்விடும்.

மே 11, ஞாயிறு: ஹேவ்லாக்

காலைப் படகு. நாலு பக்கமும் கண்ணாடி அடைத்த ஏசி படகு. துறைமுகத்தைத் தாண்டி அரை மணி நேரத்தில் ஆட ஆரம்பித்தது. கிளம்புவதற்கு முன் "பெருங்கடலையா பாக்கப் போறோம், எனக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று மாத்திரையை மறுத்துவிட்டு நெய்ப் பொங்கல் சாப்பிட்டவர் என் கணவர். அதற்கு மேல் விவரம் வேண்டாம். மாத்திரை போட்ட நாங்கள் மூன்று பேரும் தப்பித்தோம். ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே போட்டுவிட வேண்டும், ஆட்டம் தொடங்கியபின் போட்டுப் பயனில்லை. இடம் கிடைத்தால் படகின் நடுவில், கீழ்த்தளத்தில் உட்காருங்கள். முன்வரிசை ஜன்னல் படம் எடுக்க நல்லது, வயிற்றுக்கு நல்லதல்ல.

ஹேவ்லாக்கில் கடற்கரைகளுக்கு நம்பர். மூணாம் நம்பர் என்றால் கடைத்தெரு, ஐந்தாம் நம்பர் விஜய் நகர், ஏழாம் நம்பர் ராதாநகர். அன்றைய கிழக்கு பாகிஸ்தானிலிருந்து அகதிகளாக வந்த வங்காளிகளைக் குடியேற்றிய தீவு. ஆகவே சோறும் மீனும் கடுகெண்ணெயும். மூணாம் நம்பர் கடைத்தெருவில் மீன் சாப்பாடு 220 ரூபாய். சோறு, பருப்பு, உருளைக்கிழங்குப் பொரியல், வெங்காயத் துண்டு, இரண்டு துண்டு மீன் போட்ட மஞ்சள் குழம்பு. முதல் வாயில் கடுகெண்ணெய் மூக்குக்கு ஏறியது. அப்பா ஒரு நிமிஷம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு இரண்டாம் தடவை சோறு கேட்டார்.

வாடகைக்கு இரண்டு ஸ்கூட்டர் எடுத்தோம், ஒன்று நாளைக்கு 500 ரூபாய், பெட்ரோல் நம்முடையது. அசல் லைசென்ஸ் கேட்கிறார்கள். கொடுக்கும் முன் வண்டியைச் சுற்றி வந்து வீடியோ எடுத்துக்கொள்ளச் சொன்னதே கடைக்காரர்தான். "அப்புறம் உங்களுக்கும் எனக்கும் சண்டை வேணாம்" என்றார். இப்படிச் சொல்லும் வாடகைக் கடைக்காரரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ராதாநகருக்குப் பாக்குத் தோப்பும் வாழையுமாக ஒரு பாதை. முடிகிற இடத்தில் பெரிய பெரிய மரங்கள், அதற்குப் பின்னால் கடல். 2004இல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று சொன்ன இடம், 2020இல் சுத்தமான, பாதுகாப்பான கடற்கரைகளுக்குத் தரும் நீலக்கொடிச் சான்றும் வந்தது. நான் இவற்றையெல்லாம் படித்துவிட்டு, இவ்வளவு சொல்கிறார்களே, நேரில் சப்பென்று இருக்கும் என்ற நினைப்பில்தான் போனேன். அப்படி இல்லை. மணல் மாவு மாதிரி. காலில் பாறை தட்டாது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாலும் கால் நகம் தெரிகிறது. மெரினாவில் முழங்கால் வரை இறங்கவே பயப்படும் அப்பா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றார்.

ஆனால் முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கிறது, அது வேடிக்கைக்கு வைத்ததல்ல. உயிர்காப்பாளர்கள் ஐந்து மணியிலிருந்தே விசில் ஊதி எல்லோரையும் கரையேற்றத் தொடங்கிவிடுகிறார்கள். ஒரு இளைஞர் கூட்டம் "அஞ்சு நிமிஷம் பாஸ்" என்றது. அந்தக் காப்பாளர் எதுவும் சொல்லாமல் பலகையை மட்டும் காட்டினார். கூட்டம் கரையேறிவிட்டது.

இருட்டும் நேரத்தில் மணலில் உட்காராதீர்கள். மணல் ஈ கண்ணுக்குத் தெரியாது, கடிக்கும்போதும் தெரியாது. ராத்திரி பதினோரு மணிக்குத் தெரியும். எனக்குக் கணுக்காலில் மட்டும் இருபத்திமூன்று. தேங்காய் எண்ணெயைத் தடிப்பாகப் பூசிக்கொண்டால் அண்டாது என்று விடுதியில் பெருக்கும் அம்மாள் சைகையிலேயே சொன்னார். மறுநாளிலிருந்து பூசினேன், குறைந்தது.

அன்று ராத்திரி இன்னொரு பாடம். விடுதியில் சங்கரா மீனைக் காட்டி, "சுட்டுத் தரவா" என்றார்கள். அட்டையில் 120 ரூபாய் என்று இருந்தது. நன்றாகத்தான் இருந்தது மீன். பில் 1,440 ரூபாய். 120 என்பது நூறு கிராமுக்காம். சின்ன எழுத்தில் இருந்தது, நான்தான் பார்க்கவில்லை. மீனைத் தராசில் வைக்கச் சொல்லி, மொத்த விலையைக் கேட்டபின் அடுப்பில் போடச் சொல்லுங்கள்.

மே 12, திங்கள்: ஹேவ்லாக், சித்ரா பௌர்ணமி

காலை ஏழு மணிக்கே எலிஃபண்ட் கடற்கரைக்குப் படகு. ஆளுக்கு 1,000 ரூபாய். 2004 சுனாமியில் சாய்ந்த மரங்கள் இன்னும் கரையில் வெள்ளை எலும்பு மாதிரி கிடக்கின்றன. முகமூடி மாட்டி, வாயில் குழாயைக் கவ்வி, மிதவை வளையத்தைப் பிடித்துக்கொண்டு குப்புற மிதக்க வேண்டும். நீச்சல் தெரிய வேண்டியதில்லை, வழிகாட்டிப் பையன் இழுத்துக்கொண்டு போவான். பவளங்களில் பாதி சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தன. தண்ணீர் சூடேறினால் வெளுத்துப் போகும், இங்கே பலமுறை வெளுத்திருக்கிறது. மீன்கள் மட்டும் குறையவில்லை. நீலமும் மஞ்சளுமாக ஒரு மீன் மகளின் முகமூடிக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நகர மறுத்தது. அவள் தண்ணீருக்குள்ளேயே சிரிக்கப் போய் உப்புத்தண்ணீர் குடித்துவிட்டாள்.

குப்புறக் கிடந்ததில் கணவரின் முதுகும் தொடைப் பின்புறமும் வெந்துபோயின. முழுக்கைப் பனியனும் முழங்காலைத் தாண்டும் கால்சட்டையும் போட்டுக்கொண்டு இறங்கினால் மூடிய இடங்களுக்குக் களிம்பு தேவைப்படாது.

பத்து மணிக்கு காலாபத்தர் கடற்கரை. போய்ப் பார்த்தால் கடற்கரையைக் காணோம். தண்ணீர் சாலையோர மரங்களின் வேரில் அடித்துக்கொண்டிருக்கிறது. இணையத்தில் பார்த்த அகன்ற வெள்ளை மணல் எங்கே போனது? இளநீர்க் கடைக்காரர் வெட்டிக்கொண்டே சிரித்தார். அப்பா ரயில்வே இந்தியில் விசாரித்து வந்து சொன்னார்: "தண்ணி ஏறியிருக்கு. பீச் அடியில இருக்கு. பதினஞ்சு மணிக்கு மேல வந்தா வெளிய வருமாம்."

அப்பாவுக்கு அந்த நிமிடத்தில்தான் அந்தமான் பிடித்துப்போனது என்று நினைக்கிறேன். கடலுக்கும் டைம் டேபிள் உண்டு! முக்குளிப்புக் கடை ஒன்றின் சுவரில் அந்த மாதத்து அட்டவணை ஒட்டியிருந்தது. அதை முழுவதும் தன் டைரியில் பிரதி எடுத்துக்கொண்டார். ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். தினமும் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப்போகும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஏறுவதும் அதிகம், வற்றுவதும் அதிகம். "இதைப் பாக்காமயா பிளான் போட்டே?" என்று அவர் என்னைப் பார்த்த பார்வை, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைப் பார்த்ததற்குப் பிறகு இப்போதுதான்.

நிஜமாகவே எனக்குத் தெரியாது. விடுதி, சாப்பாடு, படகு என்று எல்லாம் படித்தேன். போகிற இடத்தில் அந்த நேரத்தில் கரை இருக்குமா என்று பார்க்க வேண்டும் என யாரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன், பாருங்கள்.

மாலை நான்கு மணிக்கு ஐந்தாம் நம்பரில் கடல் பின்வாங்கிக் கிடந்தது. காலையில் நீலமாக இருந்த இடம் முழுக்கப் பாறையும் குட்டையும். பிடிமானமுள்ள ரப்பர் செருப்பு அவசியம், கடல் முள்ளெலிகள் இருக்கின்றன. ஒரு குட்டையில் கடல் அட்டை, இன்னொன்றில் விரல் மாதிரி கைகளை ஆட்டிக்கொண்டு ஏதோ ஒன்று. மகள் ஒரு சங்கை எடுத்துப் பையில் போடப் போனாள். அப்பா பிடித்துக்கொண்டார். "வை கீழ. அரசாங்கச் சொத்து. சங்கு, பவளம் எதையும் எடுக்கக் கூடாது, சட்டம் இருக்கு." 1972 வனவிலங்குச் சட்டத்தைத்தான் சொல்கிறார். அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு கீழே வைத்தாள்.

ஐந்தரை மணி சுமாருக்கு எதிரே, கிழக்கில், சித்ரா பௌர்ணமி நிலா எழுந்தது. முதலில் செங்கல் நிறம், பிறகு மஞ்சள். ஈரப் பாறை முழுக்க அதன் துண்டுகள். "இந்நேரம் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துல நம்பெருமாள் கஜேந்திர மோட்சத்துக்கு எழுந்தருளியிருப்பார்" என்றார் அப்பா. அம்மா போனபிறகு அவர் காவிரிக் கரைக்குப் போகாத முதல் சித்ரா பௌர்ணமி இது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் மேலே பேசவில்லை. ராத்திரி பத்து மணிக்கு அதே கடல் விடுதியின் படிக்கட்டில் வந்து தட்டியது.

மே 13, செவ்வாய்: நீல்

விடியும்போதே மேகம். மதியப் படகில் நீல் தீவு. ஒரு மணி நேரப் பயணம்தான், இந்த முறை கணவர் மாத்திரை போட்டிருந்தார். இறங்கும்போது மழை குறுக்காக அடித்தது. நீல் துறையில் படகிலிருந்து கரைக்கு ஒரு நீளமான பாலத்தில் நடக்க வேண்டும். குடை மடங்கி, பெட்டி நனைந்து, உள்ளே இருந்த துணி முழுக்க ஈரம். பெட்டிக்குள் துணிகளைப் பெரிய பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருந்தால் பிழைத்திருக்கும். அப்பாவின் துணி மட்டும் காய்ந்திருந்தது. ரெக்சின் பை, உள்ளே உரச் சாக்கு. கேலி செய்த யாரும் வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம்தான் செய்தி பார்த்தோம். தென்மேற்குப் பருவமழை அன்றைக்கே தெற்கு அந்தமான் கடலுக்கு வந்துவிட்டதாக வானிலைத் துறை அறிவித்துவிட்டது. வழக்கத்தைவிட ஒரு வாரம் முன்னதாக. கேரளத்துக்கு மழை வருவதற்குப் பத்து நாள் முன்பே அது இங்கே வந்து நிற்கும். மே பாதியைத் தாண்டி வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வர வேண்டும். ஏப்ரல் என்றால் கதையே வேறு.

நீல் சின்னத் தீவு. ஊர்ப் பெயர்கள் ராம் நகர், சீதாபூர், பரத்பூர், லட்சுமண்பூர். காய்கறித் தோட்டங்கள், பாக்கு, மேயும் மாடுகள். நெட்வொர்க் கண்ணாமூச்சி ஆடியது. சென்னையிலிருந்து கடலடியில் 2,300 கிலோமீட்டர் கேபிள் போட்டு அந்தமானை 2020இலேயே இணைத்துவிட்டார்கள், ஆனாலும் மழை நாளில் யுபிஐ சுற்றிக்கொண்டே இருந்தது. ரொக்கம் கையில் இருக்கட்டும். நாங்கள் டீக்கு 40 ரூபாய் கடன் சொல்லிவிட்டு வந்தோம். டீக்கடை அம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். "பரவாயில்லை தாதா, நாளைக்குக் கொடுங்கள்" என்று அப்பாவிடம் இந்தியில் சொன்னார். வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன். மகளுக்கு அது எங்கே தெரியும்? "தாத்தா, அந்தப் பாட்டியும் உங்களைத் தாத்தான்னுதான் கூப்பிடுறாங்க" என்றாள். அப்பா அறைக்கு வரும் வரை அர்த்தத்தை விளக்கிக்கொண்டே வந்தார்.

மே 14, புதன்: நீல்

நாலு மணிக்கு அப்பா கதவைத் தட்டினார். டைரிப்படி ஐந்து மணியை ஒட்டித் தண்ணீர் முழுதாக வற்றும். மழை விட்டிருந்தது. இயற்கைப் பாலம் என்று ஒன்று இருக்கிறது, கடல் அரித்துக் குடைந்த பாறை வளைவு. உள்ளூர்க்காரர்கள் ஹவுரா பாலம் என்கிறார்கள். தண்ணீர் வற்றினால்தான் அடியில் நடக்க முடியும். வழக்கமாகச் சுற்றுலா வண்டிகள் ஒன்பது மணிக்கு அழைத்துப் போகின்றன. அன்று ஒன்பதுக்குப் போனவர்கள் தூரத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பியதைப் பின்னால் பார்த்தோம்.

நாங்கள் போனபோது எங்களையும் ஒரு வழிகாட்டியையும் தவிர யாருமில்லை. அவருக்கு 200 ரூபாய். கொடுத்த காசுக்கு மேலேயே காட்டினார். பாறைக்குள் புதைந்து, வாயை மட்டும் திறந்து வைத்திருக்கும் ஊதா நிறச் சிப்பி ஒன்று. அவர் கையை மேலே கொண்டுபோய் நிழல் விழச் செய்தார். பட்டென்று மூடிக்கொண்டது. நிழலை எடுத்தார், மெல்லத் திறந்தது. ஓரம் முழுக்கப் பட்டுப் புடவைச் சரிகை மாதிரி நெளிவு. மகள் இதையே பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தாள். சிப்பிக்குத் தொந்தரவு என்று சொல்லிக் கிளப்ப வேண்டியிருந்தது. அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பிளாட்பாரத்தில் நடப்பது மாதிரி பாறைமேல் நடந்தார். ஓரிடத்தில் மட்டும் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டார். "அஞ்சு பத்து. ரைட் டைம்" என்றார்.

எட்டு மணிக்குக் கடனை அடைக்க டீக்கடைக்குப் போனோம். அந்த அம்மாள் கடலைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். "எப்போது விமானம்?" நாளைக்கு இரண்டு மணிக்கு, காலைப் படகில் போய்ப் பிடித்துவிடுவோம் என்றேன். தலையை ஆட்டினார். "இன்றைக்கே போய்விடுங்கள். நாளைக்குப் படகு விடுவார்களோ மாட்டார்களோ."

அப்பாவும் அதையே சொன்னார். "கனெக்ஷன் வண்டிக்கு மார்ஜின் வேணும்மா." எனக்கு லட்சுமண்பூர் அஸ்தமனம் பார்க்க வேண்டும். விடுதிக்குக் காசும் கட்டியாகிவிட்டது. வானிலைச் செயலியில் வேறு நாளைக்குப் பாதிச் சூரியன் போட்டிருந்தது. போகலாம், பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

லட்சுமண்பூரில் அஸ்தமனம் என்று ஒன்று நடக்கவில்லை. சாம்பல் வானம் கறுத்தது, அவ்வளவுதான்.

மே 15, வியாழன்: நீல், மறுபடியும்

படகு ரத்து. காலை ஆறரைக்குக் குறுஞ்செய்தி. துறைக்குப் போய்ப் பார்த்தால் நூறு பேர் பெட்டிகளோடு நிற்கிறார்கள், கடல் வெள்ளை வெள்ளையாகப் புரண்டுகொண்டிருக்கிறது. தனியார் படகு டிக்கெட் பணம் திரும்ப வரும் என்றார்கள், பிற்பாடு வந்தும் விட்டது. விமானம் அப்படி இல்லை. சிக்னல் கிடைக்கிற ஒரே தென்னை மரத்தடியில் நின்று நான்கு பேருக்கும் 17ஆம் தேதிக்கு மாற்றினேன். 14,200 ரூபாய் கூடுதல். அந்தத் தொகையில் போர்ட்பிளேரில் ஒரு ராத்திரி எத்தனை நல்ல அறையில் தங்கியிருக்கலாம் என்று கணவர் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததை எனக்குத் தெரியும்படி செய்தார்.

தீவிலிருந்து திரும்பும் நாளும் விமானம் ஏறும் நாளும் ஒன்றாக இருக்கவே கூடாது. கடைசி ராத்திரி போர்ட்பிளேரில். மே மாதம் என்றால் இரண்டு ராத்திரி வைத்தாலும் தப்பில்லை. மூன்று தீவு பார்க்க வேண்டாம், இரண்டு போதும்.

அப்பா ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. "எத்தனை வண்டி ரத்தாகியிருக்கு, எத்தனை பேரை சமாளிச்சிருக்கேன்" என்று துறையில் நின்றிருந்த ஒரு குஜராத்திக் குடும்பத்துக்கு டைரியைப் பார்த்துத் தண்ணீர் ஏறும் நேரம் சொல்லப் போய்விட்டார். விடுதிக்காரர் அன்றைய ராத்திரிக்குப் பாதி வாடகைதான் வாங்கினார். அவர் கேட்டதுதான் பாதி, நாங்கள் பேரம் பேசவில்லை.

மதியம் டீக்கடை அம்மாள் கிச்சடி செய்தார். மழை நாளில் வங்காளிகள் செய்வது. வறுத்த பாசிப்பருப்பும் அரிசியும் குழைய வெந்தது, மேலே ஒரு கரண்டி நெய், பக்கத்தில் தடியாக வெட்டிப் பொரித்த கத்தரிக்காய், வெங்காயம் பச்சைமிளகாய் போட்ட ஆம்லெட். நம் வெண்பொங்கலின் ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம், மிளகுக்குப் பதில் இஞ்சி. பிளேட் 100 ரூபாய். தகரக் கூரையில் மழை. நாங்கள் நேற்றே போயிருக்க வேண்டும் என்று அவரும் சொல்லிக் காட்டவில்லை. எட்டு நாளில் சாப்பிட்டதில் இதுதான் முதல் இடம், 1,440 ரூபாய் சங்கரா இரண்டாம் இடம்கூட இல்லை.

மே 16, வெள்ளி: போர்ட்பிளேர்

அரசுக் கப்பலில் இடம் கிடைத்தது. தீவுக்காரர்கள் வாழைத்தார், கோழிக்கூடை, ஆஸ்பத்திரிக்குப் போகிற வயசான அம்மா என்று ஏறுகிறார்கள். நமக்கு இது விடுமுறை, அவர்களுக்கு இதுதான் டவுன் பஸ். மேல்தளத்தில் திறந்த காற்று, ஏசி படகைவிட எவ்வளவோ மேல். கணவர் மாத்திரையே இல்லாமல் வந்து சேர்ந்தார். நகரில் ஒரு மெஸ்ஸில் நான்கு இட்லியும் சாம்பாரும் கேட்டபோது பரிமாறுகிறவர், "மழையில மாட்டிக்கிட்டீங்களாக்கும்" என்றார். முகத்திலேயே எழுதியிருந்திருக்க வேண்டும். ஈரத்துணியை எல்லாம் அறை முழுக்கக் காயப் போட்டுவிட்டுப் பகல் பூராவும் தூங்கினோம்.

மே 17, சனி: விமான நிலையம்

சோதனையில் அப்பாவின் ரெக்சின் பை மட்டும் வரவில்லை. எக்ஸ்ரே திரையருகே இருந்த பெண் அதிகாரி, "யாருடைய பை இது?" என்றார். வேட்டி, துண்டு, டைரி, உரச் சாக்கு. சாக்குக்கு அடியில் விபூதிப் பொட்டலம் மாதிரி செய்தித்தாளில் மடித்த ஒன்று. பிரித்தார். விரல் நீளத்தில், கிளைவிட்ட வெள்ளைப் பவளத் துண்டு.

அப்பா தொண்டையைச் செருமினார். "பூஜை அலமாரிக்கு" என்றார், தமிழில். பதற்றத்தில் ரயில்வே இந்தி மறந்துபோயிருந்தது. அந்தப் பெண் கடுமையாக எதுவும் சொல்லவில்லை. அனுமதி இல்லை அங்கிள் என்று சொல்லி, பக்கத்திலிருந்த பெட்டிக்குள் போட்டார். எட்டிப் பார்த்தேன். உள்ளே சங்கும் சிப்பியும் பவளமுமாக அரைப்பெட்டிக்கு மேல் இருந்தது.

"அரசாங்கச் சொத்து தாத்தா" என்றாள் மகள்.

அப்பா பையின் ஜிப்பை இழுத்து மூடினார். மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். "போர்டிங் பதினொண்ணு இருபது. நடங்க, நடங்க."